கையை மட்டும் வெட்ட நினைத்த பையன்

2019 அக்டோபரில் ‘அசுரன்’ வெளியான முதல் வாரத்திலேயே, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மகனை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். படம் முடிந்து வெளியே வந்து வண்டியை எடுக்கும்வரை அவன் சிவசாமியைப் பற்றியே பேசினான். மகனை மீட்பதற்காகச் சிவசாமி வீடு வீடாகப் போய்க் காலில் விழுந்தது, கோழை என்று நினைத்த மனிதர் திடீரென்று எழுந்து நின்றது, கடைசியில் மகனிடம் படிப்பைப் பற்றிச் சொன்னது என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தான். “சிதம்பரத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேடா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரு, அந்தச் சின்னப் பையனாண்ணே?” என்றான்.

அவன் கேட்டதில் தவறே இல்லை. படம் அவனுக்கு அப்படித்தான் காட்டியிருந்தது. ஆனால் அந்தப் படத்துக்கு மூலமான பூமணியின் ‘வெக்கை’ நாவலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே படித்து, அதில் வரும் பதினைந்து வயதுச் சிதம்பரத்தை மனத்திலிருந்து இறக்கிவைக்க முடியாமல் இருந்த எனக்கு, ‘யாரு’ என்ற அந்த ஒரு சொல் தைத்தது. நாவலில் கொலை செய்தவன் அவன், ஓடுபவன் அவன், எல்லாவற்றையும் நாம் பார்ப்பது அவன் கண் வழியாகத்தான். திரையில் அவன் ஒரு தந்தையின் கதைக்குக் காரணமாக மாறிவிட்டான். கதை மகனிடமிருந்து தந்தையிடம் கைமாறியதைத் திரைக்கதை வசதிக்கான மாற்றம் என்றுதான் அன்றிரவு நினைத்தேன். வீட்டுக்கு வந்து நாவலை மறுபடியும் எடுத்துப் படித்த பிறகுதான், கதையின் அரசியலே அந்தக் கைமாற்றத்தோடு சேர்ந்து இடம் பெயர்ந்திருப்பது புரிந்தது.

‘வெக்கை’ 1982இல் வெளியானது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணிலிருந்து எழுதிய பூமணிக்கு அது இரண்டாவது நாவல். முதல் நாவலான ‘பிறகு’ 1979இல் வந்திருந்தது. பின்னாளில் ‘அஞ்ஞாடி’க்காக 2014ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். தீப்பெட்டித் தொழிலில் வதைபடும் குழந்தைகளைப் பற்றிக் ‘கருவேலம்பூக்கள்’ என்ற படத்தையும் அவரே இயக்கியிருக்கிறார். ஆகவே, திரைமொழி என்னவென்று அறியாத ஓர் எழுத்தாளரின் புத்தகத்தைச் சினிமா எடுத்து வளைத்துவிட்டது என்று சொல்லி எளிதாகக் கடந்துபோக இங்கே வழியில்லை.

நாவல் தொடங்கும்போதே கொலை நடக்கிறது. குடும்பத்து நிலத்தின்மேல் கண்வைத்த பெரிய மனிதனான வடக்கூரானின் கையை மட்டும் வெட்டியெறிவதுதான் சிதம்பரத்தின் எண்ணம். அண்ணனைக் கொல்லச் சொன்னவன் இனி வாழ்நாள் முழுக்க ஒற்றைக் கையோடு ஊருக்குள் திரியட்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். வீச்சு தவறுகிறது, ஆள் செத்துப்போகிறான். பழிவாங்கும் கதைகளை எத்தனையோ படித்திருக்கிறேன். பழிவாங்குபவன் தன் கணக்கைவிடக் கூடுதலாகச் செய்துவிட்டதிலிருந்து தொடங்கும் கதையை அதற்கு முன் நான் படித்ததில்லை. அந்தக் கூடுதலைச் சிதம்பரம் நாவல் முழுக்கச் சுமக்கிறான். குற்ற உணர்ச்சி என்று பூமணி அதற்குப் பெயர் வைப்பதில்லை. அவன் அய்யாவோடு காட்டிலும் மலையிலும் அலைகிறான். பசிக்கிறது, கிடைத்ததைச் சமைத்துத் தின்கிறார்கள். பேச்சினிடையே ஆத்தாவையும் தங்கையையும் நினைக்கிறான். செத்துப்போன அண்ணனை நினைக்கிறான். பெரும்பாலும் பேச்சும் நடையுமாகவே நகரும் இந்த நாவலில், ஒரு கொலைகாரன் இன்னும் குழந்தையாகவும் இருக்கிறான் என்பதை நாம் மெல்ல மெல்ல உணர்கிறோம்.

இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கொடி, ஒரு கூட்டம், ஒரு முழக்கம். ‘வெக்கை’யில் அவை எவையும் கதையைத் தாங்கவில்லை. சாதியின் பெயர்கூட வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. இருப்பது, கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் ஓர் எளிய குடும்பமும், அந்த நிலத்தின்மேல் கண்வைத்த ஒரு பெரிய கையும்தான். தம்மை ஒரு சாதி அடையாளத்துக்குள் அடைத்து வாசிப்பதைப் பூமணி ஏற்றுக்கொண்டவரல்லர். தலித் எழுத்தாளர் என்ற முத்திரையையும் அவர் விரும்பியதில்லை. இதைப் பலர் நழுவல் என்று சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் சொல்லாததால் நாவலின் எடை கூடியிருக்கிறது என்றே நினைக்கிறேன். தன்னை யார் மிதிக்கிறான் என்பதைச் சிதம்பரத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனைப் போன்ற வாசகனுக்கும் விளக்க வேண்டியதில்லை. விளக்கம் தேவைப்படுபவர்கள் வெளியிலிருந்து வருகிறவர்கள்தான், பூமணி அவர்களுக்காக எழுதவில்லை. நியாயம் எது என்ற கேள்வியை நீதிமன்றமோ கட்சியோ பத்திரிகையோ விவாதிக்கும் முன்பே, ஒரு ஏழைக் குடும்பம் தனக்குள் பேசி முடிவெடுத்துவிடுகிறது. அந்த மக்கள் தம் செயலுக்கு வெளியே யாரிடமும் ஒப்புதல் கேட்டு நிற்பதில்லை. இந்த நாவலின் ஆழமான அரசியல் அதுதான். மகன் கொலை செய்துவிட்டு வந்து நிற்கும்போது அந்தத் தகப்பன் அவனைப் பழிக்காமல் கூட்டிக்கொண்டு நடப்பது, நூறு முழக்கங்களைவிடக் கனமான காட்சி.

படம் அந்த ஒப்புதலைக் கேட்கிறது. நம்மிடம், அதாவது அரங்கில் அமர்ந்திருக்கும் எல்லாச் சாதியினரிடமும், சிவசாமியும் அவர் மகனும் செய்ததற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. இயக்குநர் வெற்றிமாறன் இதை நேர்மையோடும் பெரும் உழைப்போடும் செய்திருக்கிறார். ஆனால் காரணம் சொல்லத் தொடங்கியதுமே, காரணம் கேட்கும் உரிமை எதிரில் இருப்பவனுக்குப் போய்விடுகிறது.

தலைப்பிலேயே மாற்றம் தொடங்கிவிடுகிறது. வெக்கை என்பது ஒரு நிலை. காற்றில் இருப்பது, உடம்பின் மேல் படிவது. அதற்கு முகம் கிடையாது. கரிசலில் வாழும் எல்லோரையும் அது சூழ்ந்திருக்கிறது. அசுரன் என்றால் ஒரு மனிதன். அந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டு அரசியலில் நீண்ட வரலாறும் உண்டு. புராணம் அரக்கர் என்றும் அசுரர் என்றும் பழித்தவர்களைத் தம் முன்னோர் என்று மீட்டெடுத்தது திராவிட இயக்கம்; புலவர் குழந்தை 1946இல் எழுதிய ‘இராவண காவியம்’ தடைசெய்யப்பட்டு, 1971இல்தான் அந்தத் தடை நீங்கியது. படத்துக்கு ‘அசுரன்’ என்று பெயர் வைத்ததும், அந்த வரலாறு முழுவதும் ஒரு கதாநாயகனின் தோளில் ஏறி அமர்ந்துவிடுகிறது. சுவரொட்டியில் அந்தச் சொல்லுக்குக் கீழே நிற்கும் உருவம் பதினைந்து வயதுப் பையனாக இருக்க முடியாது.

இனி, படம் புதிதாகச் சேர்த்ததைப் பற்றி. இடைவேளைக்குப் பிறகு நீளும் சிவசாமியின் இளமைக் காலம் நாவலில் இல்லாதது. அதன் நடுவே இருப்பது பஞ்சமி நிலம். நாவலில் நிலத்தகராறு ஒரு குடும்பத்துக்கும் ஒரு பெரிய மனிதருக்கும் இடையில் நிகழ்வது. படத்தில் அது ஒரு நூற்றாண்டுக் காலத் திருட்டின் தொடர்ச்சி. ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிச் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையின் பேரில், 1892இல் பிரிட்டிஷ் அரசு ஆணை பிறப்பித்து, சென்னை மாகாணத்தில் அம்மக்களுக்கு நிலம் ஒப்படைத்தது; அதுதான் பஞ்சமி நிலம். மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. எழுத்தில் இருந்த அந்த நிபந்தனை ஊரில் இல்லை. கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டுக்கும் நிலம் போய்க்கொண்டே இருந்தது. அதை மீட்கக் கேட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு, 1994இல் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் நடந்த துப்பாக்கிச் சூடும் அதில் உயிரிழந்த இரண்டு பேரும் சாட்சி.

இந்த ஒரு சொல்லைத் திரையில் உச்சரித்ததற்காகவே வெற்றிமாறனுக்கு நான் நன்றி சொல்வேன். சாதியின் பெயரைப் படமும் நேராகச் சொல்லவில்லை. வடக்கூர், தெக்கூர் என்று திசைகளை வைத்தே பேசுகிறது. ஆனால் ‘பஞ்சமி’ என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு எந்தத் திரையும் மிச்சமில்லை. நட்சத்திர நடிகரின் படத்துக்கு முதல் நாள் கூடும் கூட்டம் அந்தச் சொல்லைக் கேட்டது. என் தம்பி மறுநாளே கைப்பேசியில் அதைத் தேடிப் படித்துவிட்டு, “இது நெசமாவே சட்டமாண்ணே?” என்று கேட்டான். ‘வெக்கை’யை ஆண்டுக்கு எத்தனை பேர் படித்தாலும், ஒரே நாளில் இத்தனை பேரை இந்தக் கேள்விக்கு அதனால் கொண்டுவந்திருக்க முடியாது. நாவலைப் போற்றுகிறவர்கள் இந்த உண்மையை மறைக்கக் கூடாது.

அதன் விளைவு திரையரங்கோடு நிற்கவும் இல்லை. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் படத்தைப் பார்த்துவிட்டு, பஞ்சமி நில உரிமையைக் குறிப்பிட்டே பாராட்டினார். பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் உடனே தி.மு.க. நாளேடான முரசொலியின் அலுவலகம் இருக்கும் இடமே பஞ்சமி நிலம்தானே என்று கேள்வி எழுப்பினார், தி.மு.க. அதை மறுத்தது, வழக்கு, ஆணையம் என்று விவகாரம் நீண்டது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. என்னை வருத்தியது வேறொன்று. பல வாரங்கள் நடந்த அந்த வாக்குவாதம் சென்னையில் உள்ள ஒரு மனையைச் சுற்றியே நடந்தது. ஊர் ஊராகப் பறிபோன காட்டைப் பற்றியும், அதை இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பேச்சு அங்கே நிலைக்கவில்லை. ஒரு படம் திறந்துவிட்ட கதவு வழியாகக் கட்சிகள் நுழைந்தன. சிதம்பரம் வெளியிலேயே நின்றான்.

இரண்டாவது சேர்க்கை, குடிசைகளை எரிக்கும் காட்சி. அந்தத் தீயைப் பார்த்ததும் தமிழ்நாட்டில் யாருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஊர்தான். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தண்டிக்கப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. அந்த வரலாற்றை எடுத்துவந்து சிவசாமியின் வாழ்க்கையில் வைக்கும்போது படம் பெரும் வலிமை பெறுகிறது. ஆனால் வெண்மணி நடந்தது காவிரிப் படுகையில். அதன் பின்னணியில் இருந்தது கூலி. செங்கொடியின் கீழ்ச் சங்கமாகத் திரண்ட விவசாயத் தொழிலாளர்கள், அறுவடைக்குக் கூடுதலாக நெல் கேட்டதும், அதற்காகப் பண்ணையார்களின் வன்மத்துக்கு ஆளானதும்தான் அதன் கதை. தெற்குச் சீமையில், நிலத்தையும் செருப்பையும் சுற்றி நடக்கும் ஒரு கதைக்குள் அந்தத் தீ வந்து சேரும்போது, கூலிக்கான போராட்டம் உதிர்ந்துபோய், எரிந்த குடிசை மட்டும் மிஞ்சுகிறது. சங்கம் இருந்த இடத்தில், தப்பிப் பிழைத்து அரிவாளோடு புறப்படும் தனி மனிதன் வருகிறான். வெண்மணியில் உயிர் தப்பியவர்களில் பெரும்பாலோர் அப்படிப் புறப்படவில்லை. அவர்கள் நீதிமன்றங்களுக்கும் சங்கக் கூட்டங்களுக்கும் நடந்தார்கள். அந்த நடை படத்துக்குள் வர இடமில்லாமல் போய்விட்டது.

செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இளைஞன் சிவசாமி, மாரியம்மாளுக்குச் செருப்பு வாங்கித் தருகிறான். முதன்முதலாகச் செருப்புப் போட்டு நடக்கும் பெண்ணின் நடையில் தெரியும் கூச்சமும் பெருமிதமும் சில நொடிகள்தான் திரையில் இருக்கின்றன. அதற்குள் பாண்டியன் எதிரில் வருகிறான். அவளை அடித்து, அந்தச் செருப்பைத் தலையில் சுமந்துகொண்டு நடக்க வைக்கிறான். இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு வயதான பெண்மணி குனிந்து தம் கால்களைப் பார்த்தார். எதற்காகப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நானும் அவரிடம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியை எப்போது நினைத்தாலும் அவர் குனிந்ததுதான் எனக்கு முதலில் வருகிறது. ஒரு தலைமுறை கழித்துச் சிவசாமியின் மூத்த மகன் வடக்கூரானைச் செருப்பால் அடிக்கும்போது, அந்த அடியில் மாரியம்மாள் சுமந்த செருப்பும் இருக்கிறது. நாவல் பேசாத ஓர் அரசியலைப் படம் தன் சொந்த மொழியில், ஒரு பொருளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, சொல்லாமல் சொல்லிவிட்ட இடம் இது. தழுவல் என்பது இந்த உயரத்தைத் தொடும்போது மூலநூலோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

என் மனக்குறை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. சிவசாமியின் கதை, தமிழ் வெகுமக்கள் சினிமாவில் நாம் நன்கு அறிந்த ஒரு வார்ப்புக்குள் வந்து உட்காருகிறது. முதல் பாதியில் தலைகுனிந்து நடக்கும், குடித்துவிட்டுக் கிடக்கும், மகனே கோழை என்று வெறுக்கும் மனிதர். இடைவேளையில் அவர் நிமிர்கிறார். பிறகு அவருக்குள் ஓர் எரிமலை புதைந்திருந்தது என்று கடந்த காலம் சொல்கிறது. தனுஷ் இந்த இரண்டு வயதையும் அசலாக வாழ்ந்திருக்கிறார். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும். ஆனால் இந்த வார்ப்புக்கென்று ஓர் அரசியல் உண்டு. திருப்பி அடிப்பது அசாதாரணமான ஒருவரால் மட்டுமே முடிகிற செயல் என்று அது சொல்லிவிடுகிறது. நாவலில் அடித்தவனிடம் எந்த அசாதாரணமும் இல்லை. அவன் கை நடுங்குகிறது, குறி தப்புகிறது, பிறகு பசிக்கிறது. நாவலைப் படிக்கும் ஆதிக்கச் சாதிக்காரர் ஒருவருக்கு அச்சம் வர வேண்டுமென்றால், தம் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் எந்தப் பையனும் சிதம்பரமாக இருக்கக்கூடும் என்பதால் வரும். படத்தைப் பார்க்கும்போது அவருக்கு அந்த அச்சம் வராது. சிவசாமியைப் போல் ஊருக்கு ஒருவர்கூட இருக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அவரும் நம்மோடு சேர்ந்து கைதட்டலாம். அரங்கில் அப்படித்தான் எல்லோரும் தட்டினார்கள்.

நட்சத்திரத்தை வைத்துப் படமெடுத்தால் இது தவிர்க்க முடியாதது என்று நண்பர்கள் சொன்னார்கள். அது முழு உண்மை என்று எனக்குப் படவில்லை. ஏனென்றால் வெற்றிமாறனே வேறு விதமாகச் செய்து காட்டியிருக்கிறார். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’, 1983இல் குண்டூரில் வேலை தேடிப் போன இடத்தில் காவல்துறையிடம் சிக்கி அவர் பட்ட வதையைச் சொல்லும் புத்தகம். ‘விசாரணை’யின் முதல் பாதி அந்தப் புத்தகத்துக்கு நெருக்கமாக நடக்கிறது, இரண்டாம் பாதி, தமிழ்நாட்டுக்கு வந்து, ஒரு தணிக்கையாளரின் சாவையும் அதை மூடி மறைக்கும் காவல் அதிகாரிகளையும் சுற்றி, முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. அங்கேயும் ஒரு மனிதரின் அனுபவத்தை வெற்றிமாறன் விரிக்கிறார். ஆனால் அந்த விரிவில் யாரும் நாயகராக எழவில்லை. குண்டூரில் அடிபட்ட எளியவர்கள், எதற்கென்றே விளங்காத ஒரு பெரிய ஆட்டத்துக்குள் விழுந்து, இருட்டில் சுடப்பட்டுச் சாகிறார்கள். ஒரு தனி மனிதரின் சாட்சியம் ஒரு நிறுவனத்தின் உருவப்படமாக வளர்கிறது. மூலநூலின் அரசியல் அதனால் கூர்மையடைந்திருக்கிறது. அதே இயக்குநர், புத்தகத்தை விரிக்கும் அதே முறை. ‘விசாரணை’யில் அந்த விரிவு அமைப்பை நோக்கிப் போனது, ‘அசுரனி’ல் நாயகனை நோக்கிப் போனது.

இதற்கு நேரெதிரான ஒரு தழுவலும் நம்மிடம் இருக்கிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பால் ஹாரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வந்த நாவலிலிருந்து பிறந்தது பாலாவின் ‘பரதேசி’. நாவலில், கொத்தடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் காய்ச்சலில் மடியும்போது, நிர்வாகத்தோடு மோதி அவர்களுக்காக நிற்பவர் ஆபிரகாம் என்ற கிறித்தவ மருத்துவர். படத்தில் வரும் கிறித்தவ மருத்துவர், நோயாளிகளுக்கு நடுவே ஆடிப் பாடி மதம் பரப்பும் கேலிச் சித்திரமாகிவிட்டார். தோட்ட முதலாளியின் சுரண்டல் மீது விழ வேண்டிய கண், ஒரு மதத்தின் மீது விழும்படி திருப்பப்பட்டது. இதைப் படைப்புச் சுதந்திரம் என்று சொல்லித் தாண்டிப்போக எனக்கு இன்றும் மனம் வரவில்லை. எழுதியவர் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுத்த மனிதரையே தலைகீழாக்கியிருக்கிறார்கள். ‘அசுரன்’ செய்தது இந்த வகையில் சேராது. அது மூலநூலின் நியாயத்தை மறுக்கவில்லை. இன்னும் உரக்கச் சொல்ல விரும்பியது. அந்த உரத்த குரலில் மெல்லிய குரல் ஒன்று கேட்காமல் போனது என்பதுதான் என் வழக்கு.

அது எங்கே கேட்காமல் போகிறது என்று பார்த்தால், முடிவில்தான். நாவலில் தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து, கோர்ட்டில் சரணடையப் புறப்படுகிறார்கள். அந்தச் சில நாட்கள் காட்டில் வாழ்ந்து தீர்த்துவிட்ட இருவரும், தாம் செய்ததைத் தாமே எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். சட்டத்தின் மேல் பெரிய நம்பிக்கையும் இல்லை, அதனிடமிருந்து ஒளியும் எண்ணமும் இல்லை. பதினைந்து வயதுப் பையனுக்குத் தன் செயலின் பொறுப்பை ஏற்கும் கண்ணியத்தைப் பூமணி கொடுக்கிறார். இதைப் படித்துவிட்டு நெடுநேரம் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தது நினைவிருக்கிறது.

படத்தில் தகப்பன் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறார். மகன் வெளியே நிற்க வேண்டும், படிக்க வேண்டும். காடு இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், பணம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பை மட்டும் யாராலும் எடுத்துக்கொள்ள முடியாது என்று சிவசாமி சொல்லும் வசனம் இன்று தமிழ்நாடு முழுக்க மனப்பாடம். படித்து அதிகாரத்துக்கு வா, வந்தபின் அவர்கள் நமக்குச் செய்ததை நீ யாருக்கும் செய்யாதே என்றும் அவர் சொல்கிறார். அம்பேத்கர் கல்வியை முதலில் வைத்துச் சொன்னதன் எதிரொலி அதில் இருக்கிறது. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர்கள் அந்த வரியைக் கேட்டுக் கண் கலங்கியதை நான் பக்கத்து இருக்கையிலேயே பார்த்தேன். அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். என் குடும்பத்திலும் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் வந்த கதை ஒன்று உண்டு. அது எத்தனை பேருடைய வயிற்றைக் காயவைத்து நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

இருந்தாலும் அந்த வசனம் படத்துக்குள் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் படம் காட்டியது நிலப்பறிப்பு, தீ, கொலை, அதற்கெல்லாம் துணைநின்ற காவல்துறை. இவை எல்லாவற்றுக்கும் மாற்றாகக் கடைசி நிமிடத்தில் வைக்கப்படுவது ஒரு தனிப் பையனின் படிப்பு. பஞ்சமி நிலம் என்ன ஆயிற்று, அதை யார் மீட்பார்கள் என்ற கேள்வி, படமே எழுப்பிய கேள்வி, அந்த அறிவுரையின் இனிமையில் கரைந்துபோகிறது. கூட்டாக இழந்ததைத் தனியாகப் படித்து மீட்டுவிட முடியுமா? நிலத்தை அரசியலாக்கிய படம், முடிவில் நிலத்தை விட்டுவிட்டுச் சான்றிதழைக் கையில் எடுக்கிறது. நாவல் பஞ்சமி என்ற சொல்லையே எழுப்பவில்லை. ஆனால் எழுப்பிய எதையும் அது பாதியில் கைவிடவும் இல்லை. அறிவுரை சொல்லவும் இல்லை. ‘வெக்கை’யின் தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே படுத்தால் பாதுகாப்பு, எதை எப்படிச் சமைப்பது என்பவைதான். ஒரு தலைமுறை அடுத்ததற்குக் கைமாற்றும் அறிவு அங்கே அந்த மண்ணைப் பற்றியதாக இருக்கிறது. அந்த மண் யாருடையது என்பதற்கு அதைவிட வலுவான பத்திரம் கிடையாது.

படத்தைப் பார்த்துச் சில மாதங்கள் கழித்துத் தம்பிக்கு நாவலைக் கொடுத்தேன். முதலில் கரிசல் பேச்சு அவனுக்குப் பிடிபடவில்லை. பத்துப் பக்கம் தாண்டியதும் ஓடியது என்றான். பாதியில் ஒருநாள் போன் செய்து, அந்தக் கொடுமைக்காரத் தீயும் செருப்பும் எப்போது வரும் என்று கேட்டான். இதில் வராது என்றேன். ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்; சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு வைத்துவிட்டான். படித்து முடித்த அன்று இரவு மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை சிவசாமியையோ நாவலின் அய்யாவையோ பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“ஏண்ணே, அந்தப் பயல கோர்ட்டுல என்ன பண்ணிருப்பாங்க?” என்று கேட்டான்.

நாவலில் அது இல்லை. “சின்னப் பிள்ளைங்களுக்குத் தனிச் சட்டம் இருக்குடா” என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவன் அதைக் கேட்கவில்லை. “அவன் கையத்தானண்ணே வெட்டப் போனான்” என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருவரும் சிறிது நேரம் போனை வைக்காமலே இருந்தோம்.